மைனர் ஓட்டினால் கேஸ் நிற்காது என்னும் பொய்

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் குடித்துவிட்டு, லைசென்ஸ் இல்லாமல், இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினால் அந்த ஒரே ஓட்டத்தில் நான்கு குற்றங்கள் நிகழ்கின்றன. உரிமமின்றி ஓட்டியது, போதையில் ஓட்டியது, காப்பீடற்ற வண்டியைச் சாலையில் இறக்கியது என்பவை மூன்று. வண்டியை அவர் கையில் விட்டது நான்காவது. அந்தக் கடைசிக் குற்றம் ஓட்டியவருடையதன்று. கோட்டையூரிலிருந்து காரைக்குடி வரை எந்த டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வரும்: "மைனர் பையன்தானே, கேஸ் நிக்காது. ஃபைனைக் கட்டுனா முடிஞ்சது. மிச்சத்தை இன்சூரன்ஸ் பாத்துக்கும்." இந்தப் பதிலில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. மூன்றும் தவறு. ஓட்டியவரின் வயது குறைவாக இருந்தால் சட்டத்தின் பெரும்பாரம் பெற்றோர் மீதும் வண்டியின் உரிமையாளர் மீதும் இறங்குகிறது. அது அபராதத்தோடு நிற்பதும் இல்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்பது தெளிவு. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்கிறது. அவர் செய்த குற்றத்தை வழக்கமான நீதிமன்றம் விசாரிப்பதில்லை. மாவட்ட இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கிறது. பிணை தருவது அங்கே பொது விதி, மறுப்பது விலக்கு. பிற்காலத்தில் அந்தத் தீர்ப்பு அவருடைய படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக்குறைவாக வரக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. டெல்லியில் 2016இல் காரை மோதி ஒருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. ஒரு குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்று சட்டம் விதித்திருந்தால்தான் அது கொடுங்குற்றம். அப்படிப்பட்ட குற்றத்துக்கு மட்டுமே பதினாறு வயதைக் கடந்தவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்க வழியுண்டு என்பது அந்தத் தீர்ப்பு. போதையில் ஓட்டி உயிரைப் பறித்த வழக்கு இந்த வரையறைக்குள் வராது.

இவ்வளவும் உண்மை, நியாயமும்கூட. பதினாறு வயதுப் பையனைப் பெரியவர்களோடு சிறையில் அடைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பு ஓட்டிய பிள்ளைக்கு உரியது. சாவியைக் கொடுத்தவருக்கும் சாராயத்தைக் கொடுத்தவருக்கும் வண்டியின் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கும் இதில் இம்மியளவு பங்கும் இல்லை. பிள்ளைக்கும்கூட முழு விடுதலை கிடையாது. அறிவுரை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு, பெற்றோர் கட்ட வேண்டிய அபராதம், மூன்றாண்டு வரை சிறப்பு இல்லத்தில் இருத்தல் என்று குழுமத்தின் கையில் பல உத்தரவுகள் உள்ளன.

பெற்றோருக்கான சட்டம் 2019 செப்டம்பர் 1 முதல் அடியோடு மாறிவிட்டது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 199அ என்னும் பிரிவு சேர்ந்தது. சிறுவர் ஒருவர் இந்தச் சட்டத்தின்கீழ் எந்தக் குற்றத்தைச் செய்தாலும் அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ அந்தக் குற்றத்துக்கு உரியவராகக் கருதப்படுவார். தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அதோடு 25,000 ரூபாய் அபராதம். "சிறை அல்லது அபராதம்" என்று பிரிவு சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. விபத்து நடந்திருக்க வேண்டும் என்றோ, குடித்திருக்க வேண்டும் என்றோ அதில் நிபந்தனை இல்லை. உரிமமில்லாத பதினைந்து வயதுப் பையன் பால் வாங்கப் போய் வந்தாலே இந்தப் பிரிவு பொருந்தும். குடித்திருந்தால் அதன் கனம் எவ்வளவு கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே மெய்ப்பிக்கும் சுமையும் இடம் மாறிவிடுகிறது. பொதுவாகக் குற்றத்தை அரசுத் தரப்புதான் மெய்ப்பிக்க வேண்டும். இந்தப் பிரிவிலோ, பிள்ளை வண்டியை எடுத்தது பெரியவரின் சம்மதத்தோடுதான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். தமக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்கத் தம்மால் இயன்ற எல்லாவற்றையும் செய்தும் நடந்தது என்று பெரியவர்தான் காட்ட வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் இந்த விதி பல வீடுகளைத் தொடுகிறது. தகப்பனார் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். வண்டி அவர் பெயரில் இருக்கும். பிள்ளை அப்பத்தாவிடம் வளரும். சாவி முகப்பில் ஆணியில் தொங்கும். "நான் ஊரிலேயே இல்லை" என்ற வாதம் வலுவானது என்று அத்தகைய தகப்பனார் நம்பலாம். ஆனால் பிரிவு உரிமையாளரையும் சொல்கிறது, பாதுகாவலரையும் சொல்கிறது. பிள்ளை அந்த வண்டியைத்தான் நாள்தோறும் டியூஷனுக்கு எடுத்துப் போகிறது என்பது தெருவுக்கே தெரிந்திருக்கையில், வீட்டுக்குத் தெரியாது என்று எப்படி நிறுவுவது?

199அ வருவதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலைத் தொட்டுவிட்டது. தன் அனுமதி இல்லாமல் உறவுக்காரச் சிறுவன் சாவியை எடுத்துப்போய் விபத்தில் ஒருவரைக் கொன்றான், ஆகவே இழப்பீடு தன் தலையில் விழக் கூடாது என்று மோட்டார் சைக்கிளின் உரிமையாளர் ஒருவர் வாதிட்டார். வண்டி தவறான கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும், உரிமமில்லாத சிறுவர் அதை ஓட்டாமல் காப்பதும் உரிமையாளரின் கடமை என்று 2011இல் நீதிமன்றம் சொல்லி அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. இழப்பீட்டின் சுமை கடைசியில் அவர்மேல்தான் நின்றது.

தண்டனைக்கு மேலே இன்னும் இரண்டு விளைவுகள் உண்டு. அந்த வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். வீட்டில் இருப்பது ஒரே வண்டியானால் குடும்பம் முழுவதும் ஓராண்டு அதைத் தொட முடியாது. ஓட்டிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமமோ பழகுநர் உரிமமோ கிடைக்காது. பதினாறில் பிடிபட்டவருக்கு இது ஒன்பதாண்டுத் தடை. காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் கல்லூரிக்குப் போகாத பையனுக்கு எளிதில் கிடைக்கும் வேலைகளை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். லோடு ஆட்டோ, டெலிவரி, டிராவல்ஸ் வண்டி, வெளிநாட்டில் டிரைவர் விசா எல்லாவற்றுக்கும் முதல் தேவை லைசென்ஸ்தான். இளைஞர் நீதிச் சட்டம் பிள்ளையின் பழைய பதிவை அழித்துக் கொடுத்தாலும், மோட்டார் வாகனச் சட்டம் அவனுடைய பிழைப்பின் முதல் வாசலைப் பல ஆண்டு அடைத்துவைக்கிறது. "கேஸ் நிக்காது" என்று சொல்பவர்கள் இதை ஒருபோதும் சொல்வதில்லை.

"ஊருக்குள்தானே ஓட்டுறான்" என்பது அடுத்த சமாதானம். பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள எந்தத் தெருவும், எந்தச் சந்தும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். கோட்டையூரின் நீண்ட நேர்வீதிகளுக்கும் தேசிய நெடுஞ்சாலைக்கும் இதில் வேறுபாடு கிடையாது. "எக்ஸ்எல் வண்டிக்கு லைசென்ஸ் எதுக்கு" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. பதினாறு வயதில் ஓட்டலாம் என்று சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மிகாத வண்டியை மட்டுமே. அதற்கும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு உரிமம் எடுத்தாக வேண்டும். இன்று விற்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100இன் எஞ்சின் ஏறக்குறைய 100 சி.சி. கொண்டது. "நல்லா ஓட்டுவான்" என்பதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் லண்டனில் இருந்த நாட்களில் விமானம் ஓட்ட ஆசைப்பட்டபோது, முறைப்படி பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வாங்கினார். ஆசை இருக்கிறது, கை பழகிவிட்டது என்பதோடு அவர் நின்றுவிடவில்லை.

குடியைப் பொறுத்தவரை எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். ஓட்டியவரின் வயதுக்கு ஏற்ப இந்த அளவு மாறுவதில்லை. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதத் தொகைகள் நடைமுறைக்கு வந்தபிறகு, எல்லாவற்றையும் ரோட்டிலேயே கட்டி முடித்துவிடலாம் என்ற எண்ணம் பரவிவிட்டது. ஹெல்மெட் இல்லாததற்கும் லைசென்ஸ் இல்லாததற்கும் அது சரி. போதையில் ஓட்டிய குற்றமோ, 199அ பிரிவுக் குற்றமோ இணக்கக் கட்டணம் கட்டி முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. இரண்டும் நீதிமன்றப் படியேறித்தான் தீர வேண்டும். குடித்தவர் ஓட்டத் தூண்டியவருக்கும் துணை போனவருக்கும் அதே தண்டனை உண்டு. பின்னால் உட்கார்ந்து வருபவர்மீதும் வழக்குப் போடத் தமிழ்நாட்டுக் காவல்துறை இதைத்தான் பயன்படுத்துகிறது.

பிள்ளைக்குச் சாராயம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி இன்னும் கனமானது. தமிழ்நாட்டில் இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது. ஆனால் திருவிழா நாளிலும் மஞ்சுவிரட்டு நாளிலும் பையன்கள் டாஸ்மாக் வரிசையில் நிற்பதில்லை. அண்ணன்மார், மாமன்மார் வாங்கி ஊற்றிக் கொடுக்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, மருத்துவர் சொல்லாமல் சிறுவருக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. "வயசுப் பையன், ஒரு நாளைக்குத்தானே" என்று ஊற்றிய மாமன் செய்தது, போதையில் வண்டி ஓட்டியதைவிடப் பன்மடங்கு கடுமையாகத் தண்டிக்கப்படும் குற்றம்.

மூன்றாவது கூற்றான "இன்சூரன்ஸ் பாத்துக்கும்" என்பதுதான் குடும்பங்களை அதிகமாகக் கவிழ்க்கிறது. முதலில், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றே பலருக்குத் தெரியாது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி அந்த ஆண்டு செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஐந்தாண்டு முடிந்ததும் யாரும் நினைவூட்டுவதில்லை. பழைய வண்டி வீட்டில் சின்னவனுக்கு வந்து சேரும் காலமும் ஏறத்தாழ அதுதான். காப்பீடு இல்லாமல் ஓட்டியதற்கு முதல் முறை அபராதம் 2,000 ரூபாயோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். இது சிறிய தொகை. பெரிய தொகை வேறிடத்தில் இருக்கிறது.

காப்பீடு உயிரோடு இருந்தாலும், உரிமமில்லாதவர் ஓட்டினார், போதையில் ஓட்டினார் என்ற இரண்டு காரணங்களையும் நிறுவனம் தீர்ப்பாயத்தில் எதிர்வாதமாக வைக்கலாம். சட்டத்தின் 150ஆம் பிரிவு இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2004இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, பாதிக்கப்பட்டவர் தவித்துப்போகக் கூடாது என்பதற்காக நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டும்படி தீர்ப்பாயம் சொல்லலாம். ஆனால் கட்டிய தொகையை வண்டியின் உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. "இன்சூரன்ஸ் குடுத்துருச்சு" என்று நிம்மதியடையும் வீட்டுக்குச் சில காலம் கழித்து வசூல் நோட்டீஸ் வரும்.

அந்தத் தொகை எவ்வளவு இருக்கும்? மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் முப்பது வயதுக் கொத்தனார் ஒருவர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தாயும் உள்ளவர், இறந்துபோனார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 2009, 2017 ஆகிய ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் கணக்கிடும் முறையை நிலைப்படுத்திவிட்டன. நிலையான சம்பளம் இல்லாத, நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எதிர்கால வருமானமாக 40 விழுக்காடு கூட்ட வேண்டும்; மாதம் 21,000 ஆகிறது. சார்ந்திருப்போர் நால்வர் என்பதால் அவருடைய சொந்தச் செலவாகக் கால்பங்கைக் கழிக்க, மிச்சம் 15,750. ஆண்டுக்கு 1,89,000. முப்பது வயதுக்குரிய பெருக்கல் எண் 17. ஆக 32,13,000 ரூபாய். கணவரை, தந்தையை, மகனை இழந்ததற்கான தொகைகளும், ஈமச் செலவும், மனுப்போட்ட நாளிலிருந்து வட்டியும் இதற்கு மேல் சேரும். இது கூலி வேலை செய்பவருக்கான கணக்கு. அரசு ஊழியரோ பொறியாளரோ என்றால் தொகை பல மடங்கு உயரும்.

இந்தப் பணத்தை யார் கட்டுவது? காப்பீடு இல்லையென்றால் உரிமையாளர் முழுவதையும் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பும். நில வருவாய்ப் பாக்கியை வசூலிப்பதுபோல் அது வசூலிக்கப்படும். வீடு, நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் அதன் எல்லைக்குள் வரும். மோதிய வண்டியும் எளிதில் வீட்டுக்குத் திரும்பாது. காப்பீடற்ற வண்டி விபத்தில் சிக்கினால், தகுந்த பிணையம் கொடுக்கும்வரை அதை விடுவிக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் விற்று அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடிபட்டது ஓட்டிய பிள்ளையே என்றால் குடும்பத்துக்கு இரட்டை இழப்பு. உரிமையாளர் ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு, செல்லத்தக்க லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கானது; லைசென்ஸ் இல்லாத மகனுக்கு அது எட்டாது.

இந்த இடத்தில் புனே வழக்கை எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. 2024 மே 19 அதிகாலையில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இளம் பொறியாளர்கள் இருவர் இறந்தார்கள். 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லிச் சில மணி நேரத்தில் அவனுக்குப் பிணை கொடுத்தார்கள். "பாத்தீங்களா, கட்டுரையோட முடிஞ்சது" என்ற பேச்சு நாடெங்கும் ஒலித்தது. கட்டுரையோடு முடியவில்லை. மக்கள் கொதிப்புக்குப் பிறகு அதே வாரத்தில் சிறுவன் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஒரு மாதம் கழித்துத்தான் மும்பை உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. தந்தைமீது இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழும் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழும் வழக்கு. மது பரிமாறிய கடைக்காரர்கள் கைது. ரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவர்களும் தாயும் தந்தையும் கைது. குடும்பத்தின் டிரைவரைப் பழியை ஏற்கும்படி மிரட்டியதாகத் தாத்தா கைது. இவையெல்லாம் நீதிமன்றத்தில் இன்னும் மெய்ப்பிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டுகள்தாம். ஆனாலும் பெற்றோர் மாதக்கணக்கில் சிறையில் இருந்தது நடந்து முடிந்த உண்மை. பையனைப் பெரியவராகக் கருதி விசாரிக்க 2025 ஜூலையில் குழுமம் மறுத்தது. வயது அவனை ஓரளவு காத்தது. சுற்றியிருந்த பெரியவர்கள் யாரையும் காக்கவில்லை.

புனே வழக்கின் டிரைவர் விவகாரம் சிற்றூர்களுக்கு மிக நெருக்கமானது. விபத்து நடந்ததும், லைசென்ஸ் உள்ள சித்தப்பா ஒருவரைக் கொண்டுபோய் "இவர்தான் ஓட்டினார்" என்று ஸ்டேஷனில் நிறுத்தும் யோசனையைச் சொல்ல எல்லா ஊரிலும் ஓர் ஆள் இருக்கிறார். அப்படிச் செய்தால் குற்றத்தை மறைத்தல், பொய்த் தகவல் கொடுத்தல் என்று புதிய வழக்குகள் முளைக்கும்; சிக்குபவர்கள் அனைவரும் பதினெட்டைக் கடந்தவர்கள். சமாதானம் பேசி முடிப்பதும் அதே வகையைச் சேர்ந்த மயக்கம். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் தரப்பினர் கைகுலுக்கி முடித்துக்கொள்ளக்கூடியது அன்று. இறந்தவரின் குடும்பம் எதையோ எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் வழக்கு நடக்கும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்தின் முழு விவர அறிக்கையைக் காவல்துறையே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். யாரும் மனுப் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்ற கணக்கும் இனிப் பலிக்காது.

பதினெட்டும் பத்தொன்பதும் வயதானவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது மீதமிருக்கிறது. அவர்களையும் ஊர் "சின்னப் பையன்" என்றே அழைக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. குற்றம் நடந்த நாளில் பதினெட்டு நிரம்பியிருந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. உரிமமின்மைக்கு 5,000, போதைக்கு 10,000, காப்பீடின்மைக்கு 2,000 என்று அபராதமே 17,000 ரூபாயைத் தொடும். வண்டியைக் கொடுத்தவருக்குத் தனியே 5,000. இது யாருக்கும் காயமில்லாத நிலையில். உயிர் போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது இரண்டாண்டாக இருந்தது. போதையில் ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டினார் என நீதிமன்றம் கண்டால், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகிப் பத்தாண்டு வரை போகலாம். மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர்களைக் கார் ஏற்றிக் கொன்ற இளைஞர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் அப்படித்தான் கண்டு, மூன்றாண்டுச் சிறையை உறுதி செய்தது.

இந்த வயதில் சிவகங்கை மாவட்டத்துப் பையன்கள் பலர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகக் காத்திருப்பவர்கள், அல்லது காவலர் தேர்வுக்குத் தயாராகுபவர்கள். காவல் பணிக்குத் தேர்வானாலும் முன்வரலாறு விசாரிக்கப்படும். குற்ற வழக்கு இருந்தால் அங்கேயே சிக்கும். 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டமோ, இந்திய நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவருக்குப் பாஸ்போர்ட்டை மறுக்க இடம் தருகிறது. வழக்கு முடியும்வரை அவர் ஒவ்வொரு முறையும் அந்த நீதிமன்றத்தில் மனுப்போட்டு அனுமதி வாங்கிய பிறகே, அதுவும் நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்கு மட்டும், பாஸ்போர்ட் பெற முடியும்.